மொறிஸின் முன் சீற்

யோசெப்பினுக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. அவள்தான் அதை ஒருநாள் தலையிடி என்றாள், இன்னொருநாள் முழங்கால் நோ என்றாள், பெரிய வெள்ளியன்று கோவிலில் முழந்தாளிட்டு "ஆண்டவரே, மனம் ஒரு மாதிரிக் கிடக்குது" என்றும் சொல்லிப் பார்த்தாள். ஆண்டவருக்குத் தெரியாத மனமா! அண்ணன் எமில் ஐம்பத்துநாலு வயதில் கலியாணம் கட்டி மூன்று மாதம் ஆகிறது. வந்த பெண்சாதி ரதி, இந்த வருஷத்து நுவரெலியாப் பயணத்தில் மொறிஸ் மைனரின் முன் சீற்றில் இருக்கப் போகிறாள். யோசெப்பின் பின் சீற்றில். வயிறு எரிய இதற்கு மேலும் ஒரு காரணம் வேண்டுமா?

சீற் ஒரு பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். பதின்மூன்று வருஷம் ஒரே சீற்றில் இருந்து பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

கொட்டாஞ்சேனையில் அண்ணனும் தங்கையும் மட்டும் இருந்த வீடு அது. எமில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். யோசெப்பின் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கிளார்க். இரண்டு பேரும் ஏன் கலியாணம் கட்டவில்லை என்று கேட்க வருகிறவர்களுக்கு அந்த வீட்டில் தேத்தண்ணி கிடைக்காது. வாசலில் நின்ற மொறிஸ் மைனர் 1958ஆம் ஆண்டு வண்டி; சாம்பல் நிறம், இரண்டே இரண்டு கதவு. ஈஸ்டர் முடிந்த கிழமை, மீன் வைத்த மாலுபணிஸ் பையும் தேத்தண்ணிப் போத்தலுமாக, அண்ணனும் தங்கையும் அதில் நுவரெலியாவுக்குப் போய் நாலு நாள் குளிரில் நடுங்கிவிட்டு வருவார்கள். ஒரு வருஷமும் தவறியதில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தெட்டு வருஷத்து கிரேன் இரைச்சல் எமிலின் இடக்காதை முழுதாகத் தின்றுவிட்டது. வலக்காதில் பாதியை மிச்சம் விட்டது. வீட்டுக்குள் வலப்பக்கத்தில் நின்று கதைத்தால் கேட்கும். மொறிஸை ஸ்டார்ட் பண்ணினால் போச்சு, வலக்காதோடு வாயை வைத்துக் கத்தினாலொழிய இடி விழுந்தாலும் தெரியாது. அதனால்தான் யோசெப்பின் அவருடைய இடப்பக்கத்து முன் சீற்றில் இருந்தாள். தோளில் ஒரு தட்டு என்றால் முன்வளைவில் ஹோர்ன் கேட்கிறது. இரண்டு தட்டு என்றால் பின்னால் வண்டி முந்தப் பார்க்கிறது, ஒதுங்கு. மூன்று தட்டு என்றால் எஞ்சினில் ஏதோ சத்தம், நிற்பாட்டு. கண்ணாடியில் பார்க்கலாமே என்பீர்கள். உள்ளங்கை அகலக் கண்ணாடி, எஞ்சின் ஓடினால் அதுவும் சேர்ந்து நடுங்கும், அதில் எதைப் பார்ப்பது? எமில் பார்ப்பதே இல்லை. தட்டு விழுந்த அந்தக் கணமே வண்டி ஒதுங்கும். ஏன் என்று கேட்டதில்லை, உண்மையா என்று திரும்பிப் பார்த்ததுமில்லை. இந்த உலகத்தில் ஒரு மனுசன் தன் சொல்லை இப்படி நம்புகிறான் என்பதுதான் யோசெப்பினின் முழுச் சொத்து.

இந்தக் காது விஷயத்தை எமில் ரதியிடம் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போனபோதும் சொல்லவில்லை, கட்டின பிறகும் சொல்லவில்லை. ரதி வெள்ளவத்தைக்காரி, கொள்ளுப்பிட்டியில் ஒரு வங்கியில் வேலை, நாற்பத்தாறு வயது, கலகலவென்று கதைப்பாள். "இவர் நல்ல அமைதியான மனுசன். நான் என்ன சொன்னாலும் தலையாட்டுவார்" என்று போனில் சிநேகிதிகளுக்குப் பெருமையடித்தாள். குசினியில் நின்று கேட்ட யோசெப்பினுக்குச் சிரிப்பு வந்தது. அடி விசரி, அது கேட்காதவனின் தலையாட்டு! அந்த வீட்டில் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது என்பதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். சாப்பாட்டு மேசையில் ரதியை அண்ணனின் வலப்பக்கம் இருத்துவதும் அவள்தான், அண்ணன் பதில் சொல்லாதபோது "அவர் ஏதோ யோசினையிலை இருக்கிறார்" என்று சமாளிப்பதும் அவள்தான். ஆனால் ரதியை ஒருநாள்கூட "அண்ணி" என்று கூப்பிடவில்லை. மூன்று மாதமாக "இஞ்சை" என்றும் "பாருங்கோ" என்றும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் எமில் பொனற்றைத் துடைத்தபடி கதையை எடுத்தார்.

"தங்கச்சி, நாளைக்கு ரதி முன்னாலை இருக்கட்டும். புதுசா வந்தவள், பின்னாலை இருத்தினால் ஒரு மாதிரியா இருக்கும்."

"இருக்கட்டுமே. நான் என்ன, சீற்றை என்ரை பேரிலை எழுதி வாங்கினனானே?"

"நீ பின்னாலை இருந்து தட்டு. வழமை மாதிரி."

"காது விஷயத்தை அவவுக்குச் சொல்லிவிடுங்கோவன். அவவே தட்டட்டும்."

எமிலின் முகம் சுருங்கிப்போனது. "இப்ப வேண்டாம். கட்டி மூண்டு மாசத்திலை புருசன் செவிடன் எண்டு அவளுக்குத் தெரியவேணுமே? நான் உன்னைத்தான் நம்பியிருக்கிறன்."

அந்தக் கடைசிச் சொல்லுக்காக யோசெப்பின் பின் சீற்றுக்கும் சம்மதித்தாள்.

சம்மதித்தாளே தவிர, காலையில் கார் வெள்ளவத்தையில் நின்றபோது திரும்பவும் பற்றிக்கொண்டது. ரதியின் தகப்பன் பூபாலசிங்கம் பயணத்துக்கு வருகிறார். எழுபத்தைந்து வயது, நீண்ட கால்கள், நீண்ட கதைகள். அவர் நாலு தேசிக்காயுடன் இறங்கி வந்து நாலு சில்லுக்கும் கீழே வைத்தார்.

"எங்கட காரை அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார், அங்கிள்" என்றாள் யோசெப்பின்.

"அந்தோனியாரும் பாக்கட்டும், பிள்ளையாரும் பாக்கட்டும், பிள்ளை. ரெண்டு பேர் பாத்தால் நட்டமோ?"

எமில் சிரித்தபடி தேசிக்காய்களின் மேல் வண்டியை ஏற்றினார். யோசெப்பினுக்குத் தன் தலைக்கு மேலே ஏற்றின மாதிரி இருந்தது. பதின்மூன்று வருஷம் ஒரு செபத்தோடு போன கார்!

பிறகு, இறங்கி நின்ற எல்லாரும் திரும்ப ஏறுகிற பாடு. இரண்டு கதவு வண்டியில் பின்னால் இருக்கிறவர் ஏற வேண்டுமானால் முன் சீற்றை மடிக்கவேண்டும். ரதி சீற்றை மடித்துப் பிடித்துக்கொண்டு, "குனிஞ்சு ஏறுங்கோ மச்சாள், தலை கவனம்" என்றாள். தன் சீற்றுக்குள்ளால், தன் காருக்குள், இன்னொருத்தி சொல்லித் தலை குனிந்து ஏறினாள் யோசெப்பின். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டினது இப்படித்தான் இருக்கவேண்டும். இனி இறங்குவதென்றாலும் அவள் எழும்பி வழிவிட்டால்தான் உண்டு. பூபாலசிங்கம் மருமகனுக்குப் பின்னால் காலை நீட்டிக்கொண்டார். யோசெப்பின் ரதிக்குப் பின்னால். ரதி போனை உயர்த்தி முன் சீற்றில் ஒரு படம் எடுத்தாள். குடும்ப வாட்சப் குறூப்பில் அது உடனே வந்து விழுந்தது: "எங்கட மொறிஸில் நுவரெலியாவுக்கு."

எங்கட மொறிஸாம்! காபறேற்றருக்கும் டைனமோவுக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு?

நுகேகொடை நெரிசலில் யோசெப்பின் தன் கடமையைச் செய்தாள். பின்னாலிருந்து எட்டி, இரண்டு சீற்றுக்கும் நடுவால் கையை விட்டு, அண்ணனின் தோளில் தட்டினாள். வண்டி ஒதுங்கியது. மஹரகமையில் தட்டினாள், ஹோமாகமையில் தட்டினாள். அவிசாவளை வரும்போது முதுகு வலித்தது. ரதியோ வழி நீளத்துக்கும் எமிலின் செத்த காதுக்குள் கதைத்துக்கொண்டே வந்தாள். ரம்புட்டான் மரம், வங்கி மனேஜர், சிநேகிதியின் மகளுடைய கலியாணம். எமில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பது தெரிந்தும் யோசெப்பினுக்கு எரிந்தது. கேட்காவிட்டால் என்ன, பக்கத்தில் இருக்கிறாளே!

கித்துல்கலையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிற்பாட்டினார்கள். வழமைபோல யோசெப்பின் பார்த்து, ரதியை அண்ணனின் வலப்பக்கம் இருத்தினாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை அதுதான். ரதி தேத்தண்ணியை ஊதியபடி ஆரம்பித்தாள்.

"மச்சாளுக்குக் காரிலை சரியான பயம் போல. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இவரைத் தட்டுறா. பாவம், இவர் நிம்மதியா ஓட்டேலாமல் கிடக்கு."

"பிள்ளை, மருமகன் கிரேன் ஓட்டின ஆள். மலையையும் தூக்கிக்கொண்டு போவார். பயப்பிடாதையும்" என்றார் பூபாலசிங்கம்.

"இனித் தட்டாதேங்கோ மச்சாள், என்ன? கண்ணை மூடிக்கொண்டு நித்திரை கொள்ளுங்கோ. நுவரெலியா வந்தாப்போலை நான் எழுப்பிவிடுறன்."

அதில் குத்தல் இல்லை. ரதி நல்லபடியாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் மோசம். யோசெப்பின் அண்ணனைப் பார்த்தாள். அவர் ஒரு சொல் சொன்னால் போதும். காது விஷயத்தைச் சொல்லவேண்டாம். "நான்தான் தட்டச் சொன்னனான்" என்று சொன்னாலே போதும். எமில் ரதியைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், பணிஸைப் பிய்த்தார்.

"அவளுக்குச் சின்னனிலையிருந்தே பயம்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

மூன்று பேரும் சிரித்தார்கள்.

பயமா? யாருக்கு? இரண்டு வருஷத்துக்கு முந்தி ரம்பொடை வளைவில் மழைக்குள் எஞ்சின் நின்றபோது இறங்கிப் போய் சில்லுக்குக் கல்லு வைத்தது யார்? பனிக்குள் வந்த லொறிக்கு ஒரு தட்டுத் தட்டி இவருடைய உயிரைக் காப்பாற்றினது யார்? யோசெப்பின் தேத்தண்ணியைச் சூட்டோடு சூடாக விழுங்கினாள். நாக்கு வெந்தது. சரி ராசா. பயந்தாங்கொள்ளி இனித் தட்டமாட்டாள். உன்ரை பெண்சாதி தட்டாதே என்கிறாள், நீயும் சிரிக்கிறாய், நான் ஏன் தட்டவேண்டும்?

அவள் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. பொய் சொல்லக்கூடாது, நடக்கக்கூடாதது நடக்கவேண்டுமென்று அவள் நினைக்கவே இல்லை. பின்னால் ஒரு பஸ் வந்து கத்தவேண்டும். அண்ணன் கேட்காமல் நடு றோட்டில் போகவேண்டும். ரதி முழிக்கவேண்டும். "மச்சாள், என்ன செய்யிறது?" என்று திரும்பிக் கேட்கவேண்டும். அவ்வளவுதான். ஒரேயொரு தரம் கேட்டால் போதும்.

கித்துல்கலை தாண்டினால் ஏற்றம். மொறிஸ் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. பூபாலசிங்கம் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். ரதி கண்ணாடியை இறக்கி மலைச்சரிவைப் படம் எடுத்தாள். யோசெப்பின் கைகளைக் கோத்து மடியில் வைத்துக் கண்களை மூடிக்கொண்டாள், சொன்னது மாதிரியே.

பஸ்ஸின் ஹோர்ன் முதலில் கீழ்வளைவில் கேட்டது. பிறகு கிட்டக் கேட்டது. யோசெப்பினின் கை தானாகவே மேலே எழும்பியது. பதின்மூன்று வருஷத்துப் பழக்கம், சொன்னாலும் கேட்காது. அவள் கையைப் பிடித்துத் திரும்ப மடியில் வைத்தாள். "பின்னாலை பஸ் வருதப்பா" என்று ரதி படத்தைப் பார்த்தபடி சொன்னாள். எமில் தலையாட்டினார். ரதிக்கு அது போதுமாக இருந்தது. ஹோர்ன் மூன்றாம் தரம் நீளமாக, ஆத்திரத்தோடு அடித்தது. முன்னால் இடப்பக்கத்தில் யாரோ கல்லும் மணலும் கொட்டியிருந்தார்கள். பஸ் வலப்பக்கத்தால் முந்த வெளியே வந்தது. அதே நேரம் எமில் மணலை விலத்த வலப்பக்கம் வெட்டினார்.

"அண்ணா!" என்று யோசெப்பின் கத்தினாள். கத்தி என்ன பயன்? அவருக்குக் கேட்காது என்று அவளை விட யாருக்குத் தெரியும்?

கண்ணாடி யன்னலை மறைத்துக்கொண்டு பஸ்ஸின் பக்கவாட்டுத் தகடு வந்தபோதுதான் எமில் கண்டார். இடப்பக்கம் ஒடித்தார். பஸ் மட்கார்ட்டை உரசிக்கொண்டு போய்ப் பிரேக் அடித்து நின்றது. மொறிஸ் மணலில் ஏறி, சறுக்கி, மலைப்பக்கத்து மழைத்தண்ணிக் காணுக்குள் முன்சில்லை விட்டுச் சரிந்து நின்றது. மறுபக்கம் பள்ளம். அந்தப் பக்கம் போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆளில்லை.

"என்ன, நுவரெலியா வந்திட்டுதோ?" என்றார் பூபாலசிங்கம். யன்னலில் இடித்து அவருடைய நெற்றி புடைத்திருந்தது.

பஸ் றைவர் குதித்து இறங்கி வந்தான். "உம்பட்ட கன் ஏஹென்னே நெத்த?" என்று சிங்களத்தில் கத்தினான். உனக்குக் காது கேட்காதா என்று கேட்டான். எதிர்ப்பட்ட எவரும் கேட்கக்கூடிய கேள்விதான். எமில் இறங்கி அவன் முன்னால் நின்று, அவனுடைய வாயைப் பார்த்து, தலையாட்டினார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை ரதி பார்த்தாள். அவள் எமிலின் இடப்பக்கம் வந்து நின்று, "இஞ்சை பாருங்கோ" என்றாள். அவர் திரும்பவில்லை. "எமில்" என்றாள். திரும்பவில்லை. அவள் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய், திரும்பவும் "எமில்" என்றாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். எமிலின் கண் கலங்கியது. ரதி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். றைவரும் எதையோ விளங்கிக்கொண்டான் போல. குரலைத் தணித்து, "ஹரி அய்யே, ஹரி", சரி அண்ணை சரி என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் இருந்த ஆம்பிளைகளைக் காரைத் தூக்கக் கூப்பிட்டான்.

ரதி நேரே யோசெப்பினிடம் வந்தாள்.

"மச்சாள், அதுக்குத்தானோ நீங்கள் தட்டினனீங்கள்?"

யோசெப்பின் குனிந்து பாவாடையில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டாள்.

"ஐயோ, நான் விசரி! தட்டாதேங்கோ எண்டு சொன்னனானே. சிரிச்சுமெல்லோ விட்டன். கோவிக்காதேங்கோ. முன் சீற் உங்கடைதான். இனி நீங்கள்தான் முன்னாலை இருக்கவேணும். நான் பின்னாலை போறன், ஒண்டும் கதைக்கவேண்டாம்."

பாருங்கள், கேட்டது கிடைத்துவிட்டது! மூன்று மாதமாக நெஞ்சுக்குள் கிடந்து எரிந்தது, ஒரு சண்டையில்லாமல், ஒரு கெஞ்சலில்லாமல், கையிலேயே வந்து விழுந்துவிட்டது. யோசெப்பினுக்கு அந்த இடத்தில் ரதி மேல் இருந்த பொறாமை முழுக்க வெட்கமாக மாறியிருக்கவேண்டும். கொஞ்சம் மாறியது. மிச்சம், சீற் கிடைத்த சந்தோஷத்துக்குள் ஒளித்துக்கொண்டது.

ஆம்பிளைகள் காரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது எமில் அவளுக்குக் கிட்ட வந்து நின்றார், வலக்காது அவள் பக்கம் இருக்கும்படி.

"பஸ்காரன் ஹோர்ன் அடிச்சவனோ?"

"அடிச்சிருப்பான்."

"உனக்குக் கேக்கேல்லையோ?"

கேட்டது, கோபத்தில் தட்டவில்லை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணா என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

"அங்கிள் விடாமல் கதைச்சுக்கொண்டிருந்தவர். எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றாள்.

எமில் பூபாலசிங்கத்தைப் பார்த்தார். மனுசன் வாயோரத்து நித்திரை எச்சிலை இன்னும் துடைக்கவில்லை. எமில் திரும்பித் தங்கையைப் பார்த்துத் தலையாட்டினார். ரதியின் சிநேகிதி கதைக்கும், வங்கி மனேஜர் கதைக்கும், பஸ் றைவருக்கும் ஆட்டின அதே தலையாட்டு. அதை அவர் இதுவரை யோசெப்பினுக்கு ஆட்டினதேயில்லை.

திரும்பவும் புறப்பட்டார்கள். புடைத்த நெற்றியோடு பூபாலசிங்கம் யோசெப்பின் இருந்த மூலையில் சாய்ந்துகொண்டார். ரதி எமிலுக்குப் பின்னால். யோசெப்பின் முன் சீற்றில் ஏறி, பாவாடையைச் சரிசெய்து, பழைய இடத்தில் பழையபடி இருந்தாள். கினிகத்தேனை தாண்டியதும் தேயிலை தெரிந்தது. குளிர்காற்று முகத்தில் அடித்தது. "அண்ணி, குளிருதே? கண்ணாடியை ஏத்தட்டே?" என்று திரும்பிக் கேட்டாள். முதல்முறையாக அண்ணி என்று கூப்பிட்டது ரதிக்குச் சந்தோஷம். "வேண்டாம் மச்சாள், நல்லாயிருக்கு" என்றாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று யோசெப்பின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அண்ணன்தானே, நாளைக்கு மறந்துவிடுவார்.

பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது.

யோசெப்பின் காத்திருந்தவள் மாதிரிக் கையை எடுத்து அண்ணனின் தோளில் தட்டினாள். ஒன்று, இரண்டு. தெளிவாக, பலமாக.

வண்டி ஒதுங்கவில்லை.

எமில் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார். "ரதி, பின்னாலை ஏதும் வருதோ? ஒருக்காத் திரும்பிப் பாரும்" என்றார்.

ரதி திரும்பிப் பார்த்தாள். பிறகு அவருடைய வலக்காதோடு வாயை வைத்து உரத்து, "ஓம், லொறி ஒண்டு வருது. மச்சாள் சரியாத்தான் தட்டினவ" என்றாள்.

அதற்குப் பிறகுதான் எமில் வண்டியை இடப்பக்கம் ஒதுக்கினார்.